பழகாத கடை

மதினிக்குக் கோபம் வந்தால் குரல் தணிந்துவிடும். எங்கள் வீட்டில் மற்றவர்களுக்குக் கோபம் என்றால் தெருமுனை வரை கேட்கும். அம்மா பாத்திரத்தை உருட்டுவாள், அண்ணன் கதவை அறைவான், நான் சாப்பிடாமல் குப்புறப் படுத்துக்கொள்வேன். மதினி மட்டும் பக்கத்தில் நிற்பவருக்கே சரியாகக் கேட்காத குரலில், "சரி, பாத்துக்கிடுதேன்" என்பாள். அன்றைக்கே மன்னிப்புக் கேட்டவர்கள் தப்பித்தார்கள். பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. அவள் கோபப்பட்டதே அவர்களுக்குத் தெரிந்திருக்காது.

மதினி என்றால் என் அண்ணன் மனைவி. இடைசெவல் பக்கத்துக் கரிசல்காட்டுக் குடும்பத்துப் பெண். நெடுநெடுவென்று வளர்த்தி, வேகமான நடை. தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்தாள். நான் அப்போது பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு, அடுத்து என்ன என்று தெரியாமல் வீட்டில் இருந்தேன். அதனால் அவள் பழிவாங்கும் அழகைப் பக்கத்தில் இருந்து பார்க்கிற பாக்கியம் எனக்குத்தான் கிடைத்தது.

முதலில் மாட்டியது அம்மா. சாத்தூரிலிருந்து விருந்தாட்கள் வந்திருந்த அன்று, "ஒங்க ஊர்ல உப்பே கெடையாதோ? கொழம்பு பச்சத் தண்ணியா இருக்கு" என்று அத்தனை பேர் முன்னால் சொல்லிவிட்டாள்.

"சரி அத்தை, பாத்துக்கிடுதேன்."

மறுநாளிலிருந்து அம்மாவின் சாப்பாட்டில் மட்டும் உப்பு இல்லை. ஒரு கிண்ணத்தில் உப்பைத் தனியாக வைத்து, "ஒங்க பக்குவத்துக்குப் போட்டுக்கிடுங்க அத்தை" என்று பணிவாகப் பக்கத்தில் நகர்த்துவாள். குறை சொல்லவும் வழியில்லை. குழம்புக்கு, ரசத்துக்கு, கூட்டுக்கு, மோருக்கு என்று ஒவ்வொன்றுக்கும் அள்ளிப் போட்டுப் பிசைந்து அம்மாவுக்குச் சோற்றின் மேலேயே வெறுப்பு வந்துவிட்டது. அந்த விருந்தாட்கள் மறுபடி வந்தபோது, அம்மாவே வலியப்போய், "எம் மருமக கொழம்ப இன்னும் ரெண்டு கரண்டி ஊத்திக்கிடுங்க, ஊர்ல யாரும் இப்படி வைக்க முடியாது" என்றாள். அன்று மாலையே உப்பு திரும்பி வந்தது. நான் அடுக்களையில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். இதே குணம் பெரிய சண்டையில் இறங்கினால் என்ன ஆகும் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

எங்களுக்கு மார்க்கெட் ரோட்டில் தீவனக் கடை. புண்ணாக்கு, பருத்தி விதை, தவிடு, உளுந்தம்பொட்டு. அப்பா வைத்தது. அப்பா போன பிறகு அண்ணன் கல்லாவில் உட்கார்ந்தான். பசுவந்தனை வரைக்கும் உள்ள மாட்டுக்காரர்களும், கிடை ஆடு வைத்திருப்பவர்களும் எங்களிடம்தான் வாங்குவார்கள். மதினிக்கும் அந்தக் கடைக்கும் ஒட்டாது. புண்ணாக்குத் தூசி பட்டாலே அடுக்குத் தும்மல் போடுவாள், கண் சிவந்துவிடும். அண்ணன் சட்டையைத் துவைக்கும்போதுகூட மூக்கைச் சுற்றித் துண்டைக் கட்டிக்கொள்வாள்.

ஒரு தடவை அண்ணனுக்கு டைபாய்டு வந்து பாளையங்கோட்டையில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அம்மா துணைக்குப் போனாள். கடை பூட்டிக் கிடந்தது. நாலைந்து நாளில் மாட்டுக்காரர்கள் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார்கள். "அண்ணாச்சி குணமாவுத மட்டும் மாடு பட்டினி கெடக்கவா தாயி?" என்று ஒரு பெரியவர் கேட்டார். மதினி உள்ளே போய்ச் சாவியை எடுத்து வந்தாள். "வாட்டி, தொறப்போம்" என்றாள்.

கடை ஆட்கள் மூட்டை தூக்கினார்கள், நான் எடை போட்டேன், மதினி கல்லாவில் உட்கார்ந்தாள். தும்மிக்கொண்டே வியாபாரம் பார்த்தாள். மாட்டுக்குப் பால் குறைந்த கதையை, கன்று தங்காத கதையை எல்லாம் கேட்டுக்கொண்டே எடை சொல்வாள். அண்ணனிடம் வாய் திறக்கவே பயப்படுகிற பெண்கள், கடைப் படியில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுவிட்டுப் போனார்கள். அண்ணன் திரும்பி வரும்வரை கடை ஒரு நாளும் அடைக்கவில்லை.

அவன் குணமாகி நேரே கடைக்குத்தான் வந்தான். மதினி சிரித்த முகத்தோடு எழுந்து இடம் விட்டாள். நல்ல வார்த்தை ஏதாவது வரும் என்று நானும் தராசுப் பக்கத்தில் நின்றேன்.

"யாரக் கேட்டு உக்காந்த?"

"மாட்டுக்காரங்க வீட்டு வாசல்ல வந்து நின்னாவ..."

"நின்னா? கடை பூட்டிக் கெடந்தா குடியா முழுகிப்போச்சு? பொம்பள உக்காந்து எந்திரிச்ச கல்லால நான் உக்காரணுமோ?"

கடை ஆளைக் கூப்பிட்டு வாளித் தண்ணீரில் மஞ்சள் கரைக்கச் சொன்னான். கல்லா, பலகை, படி என்று எல்லாவற்றையும் ஊற்றிக் கழுவ வைத்தான். பாத்திரக்கடை அண்ணாச்சி வெளியே வந்து பார்த்தார். ஜவுளிக்கடைப் பையன்கள் எட்டிப் பார்த்தார்கள். சைக்கிளில் போனவர்கள் காலை ஊன்றி நின்று பார்த்தார்கள். மதினி கடைசிப் படியில் நின்றாள். மஞ்சள் தண்ணீர் அவள் காலை நனைத்துக்கொண்டு ரோட்டில் ஓடியது.

"வியாபாரம்னா வெளையாட்டா? நாங்கல்லாம் அடுத்தவன் கடையில சாக்குல படுத்துப் பழகிட்டு வந்தவங்க. நீ எந்தக் கடையில பழகுன? மொதல்ல ஒரு கடையிலயாவது பழகிட்டு வந்து பேசு!" என்று ரோடே கேட்கக் கத்தினான். என் கூடப்பிறந்தவன்தான். அன்றைக்கு அவன் அந்த ஈரப் பலகையில் வழுக்கி விழ வேண்டும் என்று மனதார வேண்டிக்கொண்டேன். விழவில்லை.

"சரி, பாத்துக்கிடுதேன்" என்றாள் மதினி.

வீட்டுக்கு நடந்து வரும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "ஏட்டி, அவிய வாயால ஒரு வார்த்த சொல்லணும். 'ஆமா, எங் கடைய நீதான் பாத்த'ன்னு இந்த ரோட்டு ஆளுக முன்னால சொல்லணும். அது வராம நான் விட மாட்டேன்." 

இந்த இடத்தில் எங்கள் ஆட்களின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். கடைக்காரன் வீட்டுப் பையனை எடுத்த எடுப்பில் சொந்தக் கல்லாவில் உட்கார வைக்க மாட்டார்கள். வேறு வேறு கடைகளில் கொண்டுபோய் விடுவார்கள். அதற்குப் பழகுவது என்று பெயர். சம்பளம் கிடையாது, மதியச் சாப்பாடு மட்டும். கூட்ட வேண்டும், மூட்டை இறக்க வேண்டும், பேச்சு வாங்க வேண்டும். இப்படி இரண்டு மூன்று தொழிலைப் பார்த்துவிட்டு, எது கைக்கு ஒத்துவருகிறதோ அதில் சொந்தக் கடை போடுவார்கள். பழக வந்தேன் என்று ஒரு கடைக்காரக் குடும்பத்து ஆள் வந்து நின்றால் மறுக்கக் கூடாது. பதிலுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. எந்தக் கடையில் பழகினாயோ அந்த வியாபாரத்தை அதே ரோட்டில் வைக்கக் கூடாது. வேறு ரோட்டுக்கோ வேறு ஊருக்கோ போய்விட வேண்டும். மீறினால் வியாபாரிகள் சங்கம் சும்மா விடாது. சரக்கு வராது, நல்லது கெட்டதுக்கு ஒருவரும் வீட்டு வாசல் மிதிக்க மாட்டார்கள். பழக வருவது ஆணாக இருக்க வேண்டும் என்று மட்டும் யாரும் சொல்லி வைக்கவில்லை. சொல்ல வேண்டிய அவசியம் அதுவரை வந்ததில்லை.

மறுநாள் காலையில் சோறு பொங்கி, குழம்பு வைத்து, அண்ணனுக்கு எடுத்து மூடி வைத்துவிட்டு மதினி பாத்திரக்கடைக்குப் போனாள். "அண்ணாச்சி, பழக வந்திருக்கேன்."

அண்ணாச்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்ன தாயி, வெளையாடுதியா? ஒங்க வீட்டுக்காரன் கேட்டா என்ன சொல்லுவ?"

"அவிய சொல்லித்தான் வந்தேன். ஒரு கடையிலயாவது பழகிட்டு வான்னு நேத்து சத்தம் போட்டாவல்லா. நீங்களும் வெளிய நின்னு கேட்டியளே."

அவர் கேட்டதைக் கேட்கவில்லை என்று எப்படிச் சொல்வார்? அதுவும் போக, தன் கடைப் பெயர்ப்பலகையை எங்கள் கடைப் பந்தல் மறைக்கிறது என்று அவருக்கு நாள்பட்ட எரிச்சல் இருந்தது. விளக்குமாற்றை எடுத்து மதினி கையில் கொடுத்தார்.

அண்ணன் முதலில் குதித்தான். தட்டைத் தூக்கி எறிந்தான். யாரோ அவனுக்கு ஏதோ புத்தி சொல்லியிருக்க வேண்டும், இரண்டு நாளில் குணம் மாறி ஒரே சிரிப்பு. "போகட்டும்மா. ரோடு பூராப் பழகட்டும்" என்று அம்மாவிடம் சொன்னான். "ஒவ்வொரு கடையாப் பழகப் பழக அவளுக்குத்தான் ஒவ்வொரு கதவா அடையுது. நாளைக்கு இந்த ரோட்டுல எதை வச்சுப் பொழைப்பா?" மதினி அவன் தட்டில் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். நேராக அவனிடம் பேசுவதை அவள் நிறுத்தியிருந்தாள். "ஏட்டி, ஒங்க அண்ணனுக்கு இன்னும் சோறு வேணுமான்னு கேளு" என்று என்னிடம் சொல்வாள். ஒரு கை தூரத்தில் இருக்கிறவனிடம் நான் கேட்டுச் சொல்ல வேண்டும்.

பாத்திரக்கடையில் அவளைப் பார்க்க எனக்கே ஆசையாக இருக்கும். குடத்தை ஒரு தட்டுத் தட்டிச் சத்தத்தைக் கேட்பாள், விளிம்பில் விரலை ஓட்டுவாள், "இத எடுக்காதீங்க, அடி மெலிசு" என்று வாங்க வந்தவர்களிடமே சொல்லிவிடுவாள். கல்யாணச் சீருக்கு வருகிறவர்கள் அவள் இருக்கிறாளா என்று கேட்டுவிட்டு உள்ளே நுழைந்தார்கள். வீட்டுக்கு வந்த பிறகும் பேச்செல்லாம் அண்டா, தவலை, தூக்குவாளிதான். மதினி ஒன்றை ஆசைப்பட்டு நான் பார்த்தது அந்த ஒரு கடையில்தான்.

அங்கேயும் பழைய பாக்கி ஒன்றைத் தீர்த்தாள். கல்யாணமான புதிதில் ஒரு பஸ் கண்டக்டர், "இங்கன நிறுத்தம் கெடையாது" என்று இடைசெவல் விலக்கில் நிறுத்தாமல் அடுத்த ஊரில் கொண்டுபோய் இறக்கிவிட்டிருக்கிறான். தலையில் சுமையோடு வெயிலில் நடந்து வந்தாளாம். அந்த ஆள் தங்கை கல்யாணத்துக்குப் பாத்திரம் எடுக்க வந்தான். மதினி அடையாளம் கண்டுகொண்டாள். பொறுமையாக எல்லாம் காட்டினாள், நல்லதாகவே எடுத்துக் கொடுத்தாள், அவனையும் சேர்த்து வண்டியில் ஏற்றிவிட்டாள். வண்டிக்காரனிடம் மட்டும் ஏதோ சொன்னாள். வண்டி கண்டக்டர் வீட்டைத் தாண்டி, ஊரைத் தாண்டி, அடுத்த ஊர்ப் பிள்ளையார் கோயில் முன்னால் போய்தான் நின்றது. "எங்களுக்கு இங்கனதான் நிறுத்தம்" என்று வண்டிக்காரன் இறக்கி வைத்துவிட்டான். அண்டாவைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கண்டக்டர் நடந்து போனதை ஊரே சொல்லிச் சிரித்தது.

பாத்திரக்கடை ஒன்று ஒப்புக்கொண்ட பிறகு மற்றவர்கள் மறுக்க முடியவில்லை. மறுத்தால் வழக்கத்தை மீறினதாக ஆகும். ஜவுளிக்கடை, மருந்துக்கடை, இரும்புக்கடை, கல்யாணப் பத்திரிகை அடிக்கிற அச்சாபீஸ், எஸ்.டி.டி. பூத் என்று ஒவ்வொன்றிலும் சில மாதம் நின்றாள். ராத்திரிச் சாப்பாட்டின்போது எனக்கு விவரம் வரும்.

"ஜவுளி வேண்டவே வேண்டாம்ட்டி. ஒரு சேல விக்கதுக்கு மல போல விரிக்கணும். விரிச்சதெல்லாம் சிரிச்ச மூஞ்சியோட மடிக்கணும்."

"மருந்துக்கடையில நின்னா வாரவன் பூராம் இன்னைக்கோ நாளைக்கோன்னு தெரியுது. எனக்கே நெஞ்சு வலிக்கு."

"போன் பூத்துல ஒக்காந்தா ஊர்ல எவன் எவளுக்குப் பொய் சொல்லுதான்னு தெரிஞ்சுபோவுது. அது நமக்கு எதுக்கு?"

கேட்டுக் கேட்டு எனக்கே ஒரு யோசனை வந்தது. எனக்கு எது ஒத்துவரும் என்று நானும் போய்ப் பார்க்கலாமே என்று தோன்றியது. அம்மாவிடம் வாயைத் திறந்தேன். விளக்குமாறு பறந்து வந்தது. "ஒருத்தி ஏறி எறங்குதது போதாதாக்கும்?"

அந்த ஏறி இறங்கலுக்கு விலை கொடுத்தது நான். விருதுநகரிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. நல்ல குடும்பம். பையன் எண்ணெய்க் கடை வைத்திருந்தான், ஒரு தடவை பார்த்திருந்தேன், எனக்குப் பிடித்திருந்தது. பேச்சு முடிகிற நேரத்தில் அவன் அம்மா, "வீட்டு மருமக கடை கடையா நிக்காளாமே" என்று இழுத்தாள். அத்தோடு சரி. திரும்பி வரவில்லை.

நான் மதினியிடம் போய் அழுதேன். "கொஞ்ச நாளைக்கு நிறுத்துங்களேன் மதினி. எனக்கு ஒரு வழி பொறந்த பொறவு போங்க." அவள் என் தலையைத் தடவினாள். கண்ணைத் துடைத்துவிட்டாள். "ஒனக்கு நல்ல எடம் வரும்ட்டி. இதக் கெடுத்தது யாருன்னு ஒங்க அண்ணன்கிட்டப் போய்க் கேளு" என்றாள். மறுநாள் காலையில் தலையை வாரிக்கொண்டு இரும்புக்கடைக்குக் கிளம்பிவிட்டாள். அவளை எனக்கு எவ்வளவு பிடிக்குமோ அவ்வளவு அன்று வெறுத்தேன். சில வருஷம் கழித்து மணியாச்சியில் ரயில்வேயில் வேலை பார்க்கிறவர் எனக்குக் கிடைத்தார், குறை ஒன்றும் இல்லை. ஆனாலும் அந்த எண்ணெய்க் கடைக்காரனின் ஊர்ப் பெயரை யாராவது சொன்னால் எனக்கு இப்போதும் மதினி மேல் சுருக்கென்று கோபம் வரும்.

பழகி முடித்தாள். ரோட்டில் இருந்த எல்லா வியாபாரத்திலும் நின்றாகிவிட்டது. பாத்திரக்கடை அண்ணாச்சி வீட்டுக்கே வந்தார். அண்ணன் இல்லாத நேரம் பார்த்துத்தான் வந்தார். "தாயி, ஒனக்குப் பாத்திர வியாபாரம் கையில இருக்கு. இந்த ரோட்டுல கூடாது. கயத்தாறுல எனக்குத் தெரிஞ்ச கட்டடம் ஒண்ணு காலியா இருக்கு. சரக்கு நான் போடுதேன். போய் ஒக்காரு, நல்லா வருவ."

மதினி முகத்தில் அந்த நேரம் வந்த வெளிச்சத்தை நான் பார்த்தேன். அது வந்த வேகத்தில் போய்விட்டது. "அண்ணாச்சி, அங்கன போனா ஒங்க ரோட்டு ஆளுக யாரு பாப்பாவ?" என்று கேட்டாள். "ஒங்க பழைய குடோன் ஒண்ணு பூட்டிக் கெடக்குல்லா, எங்க கடைக்கு நேர் எதுத்தாப்புல. அதக் குடுங்க."

"அதுல என்ன வைப்ப? நீதான் எல்லாக் கடையிலயும் பழகிட்டியே. இந்த ரோட்டுல நீ வைக்க எதுவுமே மிச்சம் இல்லையே தாயி."

"ஒண்ணு இருக்கு அண்ணாச்சி. நான் பழகாத கடை."

அண்ணாச்சிக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. எனக்கு அதைவிடக் கொஞ்சம் முன்னால் புரிந்துவிட்டது, அண்ணன் வைத்திருக்கிற அதே தீவனக் கடை. அவளுக்குத் தீவனக் கடை வேண்டாம். தூசி ஆகாது, தொழில் பிடிக்காது. பிடித்த தொழில் ஒன்று தாம்பாளத்தில் வைத்து முன்னால் நீட்டப்படுகிறது. அதைத் தள்ளிவிட்டுத் தும்மலை எடுத்துக்கொண்டாள். "வேண்டாம் மதினி, கயத்தாறு போங்க" என்று நான் கெஞ்சினேன். அவள் காதில் விழவில்லை.

அண்ணாச்சி சாவியைக் கொடுத்தார், முதல் சரக்குக்குப் பணமும் போட்டார். ஒரு தை மாதத்தில் குடோன் கதவு திறந்தது. மூட்டை மூட்டையாகப் புண்ணாக்கும் பருத்தி விதையும் இறங்கின. மூக்கைச் சுற்றித் துணியைக் கட்டிக்கொண்டு மதினி கல்லாவில் உட்கார்ந்தாள். நிமிர்ந்தால் அண்ணன் முகம் தெரிகிற மாதிரிப் பலகையைப் போட்டிருந்தாள். கறவை மாட்டைப் பார்த்துக்கொள்வது பெண்கள்தானே. அவர்கள் அண்ணன் கடைப் பக்கம் திரும்பாமல் நேரே இங்கே வந்தார்கள்.

அண்ணன் சங்கத்துக்கு ஓடினான். கூட்டம் போட்டார்கள். மதினியை வரச் சொன்னார்கள், துணைக்கு என்னையும் அழைத்துக்கொண்டு போனாள். பெண்கள் யாரும் அந்த மண்டபத்துக்குள் அதற்கு முன் நுழைந்ததில்லை. எங்களுக்கு இரண்டு நாற்காலியைத் தள்ளி ஓரமாகப் போட்டார்கள். சுவர் ஓரம் வரைக்கும் ஆட்கள் நின்றார்கள்.

சங்கத் தலைவர் வயதானவர், அப்பாவுக்குச் சிநேகிதர். அண்ணனைக் காப்பாற்றத்தான் அவர் நினைத்தார் என்று இப்போது எனக்குத் தெரிகிறது. "கட்டுப்பாடு என்னன்னு ஒனக்குத் தெரியும்" என்று அவனிடம் சொன்னார். "ஒங் கடையில பழகுனவ எதுத்தாப்புல வைக்கக் கூடாது. பழகாதவ வச்சா நாம கேக்க முடியாது. நீ காய்ச்சல்ல கெடந்தப்போ கடையப் பாத்தது இந்தப் பிள்ளைதானே? அதுவும் பழக்கந்தான். ஆனா கடைக்காரன் வாயால ஒத்துக்கிட்டாத்தான் அது செல்லும். 'ஆமா, எங் கடைய அவ பாத்தா'ன்னு ஒரு வார்த்த சொல்லு. இன்னைக்கே கடைய எடுக்கச் சொல்லுதோம்."

அங்கிருந்தவர்களில் பாதிப் பேர் அந்த நாட்களில் மதினி கையால் தீவனம் வாங்கியவர்கள். மதினி நாற்காலி நுனிக்கு வந்திருந்தாள். அவள் கண் அண்ணன் வாயிலேயே இருந்தது. ஒரு வார்த்தை சொன்னால் அவள் கடை போய்விடும். அந்த வார்த்தைக்காகத்தான் இத்தனை கடையும் ஏறினாள். எது நடந்தாலும் அவளுக்கு வெற்றி என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டு உள்ளுக்குள் துள்ளிக்கொண்டிருந்தேன்.

அண்ணன் தலைவரைப் பார்த்தான், கூட்டத்தைப் பார்த்தான், மதினியைப் பார்த்தான். அவன் வாய் திறந்தது, மூடியது.

"எங் கடையில எந்தப் பொம்பளையும் ஒக்காரல" என்றான்.

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். தலைவர் இன்னொரு முறை கேட்டார். "நல்லா யோசிச்சுச் சொல்லுப்பா. அந்தப் பிள்ளை ஒங் கடையில பழகவே இல்லையா?"

"இல்ல."

"அப்பச் சரி. கடைய எடுக்கச் சொல்ல நமக்கு வழியில்ல" என்று அவர் எழுந்துவிட்டார். பாத்திரக்கடை அண்ணாச்சி எல்லோருக்கும் காப்பி சொன்னார்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தன் வாயாலேயே தன் கடைக்கு எதிரில் கடை வைத்துக் கொடுத்துவிட்டான், முட்டாள். வழியெல்லாம் சிரித்துக்கொண்டு வந்தேன். மதினி சிரிக்கவில்லை. பஸ் ஸ்டாண்டு திரும்புகிற இடத்தில் நான் கேட்டேன். "அண்ணன் ஆமான்னு சொல்லியிருந்தா என்ன செஞ்சிருப்பீங்க மதினி?"

"நாளைக்கே கயத்தாறு போயிருப்பேன்ட்டி" என்றாள். "அண்ணாச்சி காட்டுன கட்டடத்துல பாத்திரக்கடை வச்சிருப்பேன். அவியளையும் கூப்புட்டிருப்பேன்." நடையை எட்டிப் போட்டாள். "சொல்லிருவாவன்னு நெனச்சேன். இனி அந்தக் கடை தொறந்து இருக்கக் கூடாது."

திறந்திருக்க விடவில்லை. அவன் விலையைக் குறைத்தால் அவளும் குறைத்தாள். அவன் காலையில் திறந்தால் அவள் விடிவதற்கு முன் திறந்தாள். அவனுடைய கடை ஆட்கள் ஒவ்வொருவராக ரோட்டைக் கடந்து அவள் பக்கம் வந்தார்கள். அவள் கூப்பிடவில்லை, வந்தவர்களை வேண்டாம் என்றும் சொல்லவில்லை. செல்போன் பரவலாக வந்த சமயத்தில் அப்பா வைத்த கடையின் கதவை அண்ணன் கடைசியாக இழுத்து மூடினான். நான் மணியாச்சியிலிருந்து வந்திருந்தேன். மதினி கடையில் இருந்துதான் அதைப் பார்த்தேன். அப்பா கடை என்று அழுகை வர வேண்டும். வரவில்லை. அண்ணனுக்கு இது வேண்டும் என்றுதான் இருந்தது, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

மதினி அதற்குள் ஆளே பாதியாகியிருந்தாள். ராத்திரி படுத்தால் மூச்சிளைப்பு. டாக்டர் அந்தத் தொழிலையே விடச் சொல்லியிருந்தார். "கடைதான் மூடியாச்சுல்லா மதினி. போதும். இனியாவது கயத்தாறு போங்க" என்றேன்.

அவள் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணன் சாவியை மடியில் செருகிக்கொண்டு, எங்கள் பக்கம் திரும்பாமல் போய்க்கொண்டிருந்தான்.

"அவிய இன்னும் அந்த வார்த்தையச் சொல்லலையேட்டி" என்றாள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் உலை கொதித்ததெல்லாம் மதினி கடை வருமானத்தில்தான். அண்ணன் தினமும் காலையில் டீக் குடிக்க அந்த ரோடு வழியாகத்தான் போனான், வேறு வழி இருந்தும். அவள் ராத்திரி அவனுக்குச் சோறு போட்டாள். விடிந்ததும் கடையைத் திறந்து, மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு, அவன் வருகிற திசையைப் பார்த்து உட்கார்ந்தாள்.